தென்னிந்தியக் காசநோய்க் கிருமியின் வயது

1968ஆம் ஆண்டு ஜூலையில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் பிசிஜி தடுப்பூசியைச் சோதிக்கும் கள ஆய்வு ஒன்று தொடங்கியது. அதுவரை அந்த ஊசியைப் பற்றி நடந்த ஆய்வுகளில் மிகப் பெரியது அதுதான். 1971 மார்ச்சுக்குள் ஏறத்தாழ 2,80,000 பேருக்குக் குலுக்கல் முறையில் பிசிஜியோ மருந்தில்லாத ஊசியோ போடப்பட்டது. மணவாள நகரும் காக்களூரும் கும்மிடிப்பூண்டியும் இன்று தொழிற்பேட்டைகளுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் பெயர் பெற்றவை. அன்று இந்தப் பகுதி பெரும்பாலும் நெல் விளைந்த கிராமங்கள். ஏழரை ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. 1999இல் வெளிவந்த 15 ஆண்டுக் கணக்கும் அதையே சொன்னது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்புத் தந்த தடுப்பூசி இங்கே ஏன் பயன்படாமல் போனது? மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் தீங்கற்ற மைக்கோபாக்டீரியங்கள் சிறு வயதிலேயே நம் உடலுக்குள் புகுந்து ஓரளவு எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிடுகின்றன, அதனால் ஊசி புதிதாகச் செய்ய அதிகம் மிஞ்சவில்லை என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அதோடு இன்னொரு விளக்கமும் முன்வைக்கப்பட்டது. இங்கே நோயை உண்டாக்கும் கிருமியே வேறு மாதிரியானது என்பது அது. அரை நூற்றாண்டுக்கு முன் ஊகமாகச் சொல்லப்பட்ட அந்த இரண்டாவது விளக்கத்தை இன்று பழைய எலும்புகளில் எஞ்சியிருக்கும் டிஎன்ஏவின் துணையோடு மறுபடி விசாரிக்க முடிகிறது. ஆனால் அந்த விசாரணையில் நம் பக்கத்துச் சாட்சி ஒன்றுகூட இன்னும் ஏறவில்லை. அந்தக் குறை எப்படி வந்தது, அதை எப்படித் தீர்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

தென்னிந்தியக் கிருமி தனி ரகம் என்பது வெறும் பேச்சில்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம்தான் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) இதற்கு முதல் சான்றைத் தந்தது. அங்கே வந்த நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்தெடுத்த கிருமிகளை பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளோடு ஒப்பிட்டு டெனிஸ் மிச்சிசனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960இல் வெளியிட்ட முடிவு: கினிப் பன்றிகளில் சென்னைக் கிருமிகள் பலவற்றின் வீரியம் குறைவு, ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாங்கும் திறனும் குறைவு. பிறகு கிருமிகளை மரபணு அடையாளம் வைத்துப் பிரிக்கும் காலம் வந்தது. உலகெங்கும் அதற்குப் பயன்பட்டது ஐஎஸ்6110 என்ற தாவும் மரபுத்துண்டு. ஒரு கிருமியில் அது பல இடங்களில் ஒட்டியிருக்கும், அந்த இடங்களின் வரிசையே அடையாளம். திருவள்ளூர்ப் பகுதி நோயாளிகளின் கிருமிகளில் பத்தில் நான்குக்கு அந்தத் துண்டு ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. வெளிநாட்டில் நன்றாக வேலை செய்த முறை இங்கே பாதிக் கண்ணை மூடிக்கொண்டது. வேறு அடையாளங்களை வைத்துப் பார்த்தபோது, இவற்றில் பெரும்பாலானவை இந்தியப் பெருங்கடல் கிளை எனப்படும் முதலாம் கிளையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, கிழக்கு ஆப்பிரிக்கக் கரை என்று கடலைச் சுற்றிப் பரவியிருக்கும் கிளை இது.

2002இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ரோலண்ட் ப்ரோஷ் குழு இந்தக் கிளைக்கு ஒரு முக்கியமான இடத்தைக் கொடுத்தது. காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதியில் டிபிடி1 என்று பெயரிடப்பட்ட, ஏறத்தாழ 2,000 எழுத்து நீளமுள்ள பகுதி ஒன்று உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சீனாவிலும் பரவலாக உள்ள கிருமிகள் அதை இழந்துவிட்டவை. முதலாம் கிளை அதை இன்னும் வைத்திருக்கிறது. மாடுகளுக்கு வரும் காசநோய்க் கிருமியும் வைத்திருக்கிறது. மாட்டுக் கிருமியோ வேறு பல துண்டுகளை இழந்திருக்கிறது. இழந்த துண்டு திரும்பி வராது என்பதால் இந்த இழப்புகளை வரிசைப்படுத்தினால் வம்சாவளி கிடைக்கும். மாட்டைப் பழக்கிய காலத்தில் மாட்டிடமிருந்து மனிதனுக்குக் காசநோய் தொற்றியது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த கதை அதோடு முடிந்தது. இன்னும் ஒன்று தெரிந்தது: மூதாதை வடிவத்துக்கு நெருக்கமானது இங்கே புழங்கும் கிருமிதான். டிபிடி1ஐ இழந்த கிருமிகள் ஆக்சிஜன் சார்ந்த தாக்குதலையும் ஆக்சிஜன் பற்றாக்குறையையும் கூடுதலாகத் தாங்குகின்றன, அதுவே அவை உலகெங்கும் பரவ உதவியது என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. 1960இல் ஹைட்ரஜன் பெராக்சைடில் கண்ட பலவீனத்தோடு இது பொருந்திப்போகிறது. சோதனைக் குழாயில் பார்த்ததும் மரபணுத்தொகுதியில் படித்ததும் 60 ஆண்டுகள் கழித்து ஒரே திசையைக் காட்டுவது சாதாரண விஷயமில்லை.

இந்தக் கிளை எவ்வளவு பழையது என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும், இரண்டுக்கும் இடையே பெரும் பள்ளம். உலகின் பல பகுதிகளிலிருந்து சேகரித்த 259 கிருமிகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு இன்யாகி கோமாஸ் குழு 2013இல் சொன்னது: காசநோய்க் கிருமி சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் மனிதரோடு இருந்தது, மனிதர் வெளியேறியபோது அதுவும் வெளியேறியது. அப்படியானால் கடலோரமாக நடந்து இந்தியா வந்த முதல் மக்களோடு முதலாம் கிளையும் வந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே இதற்கு நேர்மாறான முடிவு வந்தது. கிர்ஸ்டன் போஸ், யோஹன்னஸ் க்ராவுசே முதலியோர் அமெரிக்கக் கண்டங்களில் கிடைத்த பல எலும்பு மாதிரிகளைச் சோதித்து, பெரு நாட்டின் தென்பகுதியைச் சேர்ந்த சுமார் 1,000 ஆண்டு பழைய மூன்று எலும்புக்கூடுகளிலிருந்து முழுமையான காசநோய் மரபணுத்தொகுதிகளை மீட்டனர். கொலம்பஸ் வருவதற்கு முன்பே அமெரிக்கக் கண்ட எலும்புகளில் காசநோயின் தடயங்கள் இருந்தது நெடுநாள் புதிர். விடை எதிர்பாராதது: அந்த மூவரின் கிருமிக்கும் இன்று நெருங்கிய உறவு கடல்நாய்களிலும் கடல்சிங்கங்களிலும் வாழும் கிருமி. கடல் விலங்குகளே அதைச் சமுத்திரம் தாண்டிக் கொண்டுபோயிருக்கின்றன. அந்த மூன்று மரபணுத்தொகுதிகளின் வயது தெரியும் என்பதால் அவற்றை வைத்துத் திடீர்மாற்றங்களின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். உலகின் எல்லாக் காசநோய்க் கிருமிகளுக்கும் பொது மூதாதை வாழ்ந்து 6,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகவில்லை என்று வந்தது. இது சரியென்றால் முதலாம் கிளை நம் நாட்டுக்கு வந்தது சிந்துவெளி நகரங்களின் காலத்திலோ அதற்கும் பிறகோதான். அரிக்கமேட்டுக்கும் முசிறிக்கும் கப்பல்கள் வந்துபோன காலமாகவும் இருக்கலாம்.

இளைய வயதைச் சொல்லும் தரப்புக்கு மிக வலுவான சாட்சி ஸ்வீடனிலிருந்து வந்தது. லுண்ட் நகரப் பேராயர் பேடர் வின்ஸ்ட்ரூப் 1679இல் இறந்தார். தேவாலயத்தின் நிலவறையில் வைக்கப்பட்ட அவர் உடல் தானாகவே உலர்ந்து பதப்பட்டுவிட்டது. அந்த உடலை சிடி ஸ்கேன் செய்தபோது நுரையீரலில் சுண்ணாம்புபோல் இறுகிய சிறு முடிச்சு ஒன்று தெரிந்தது. காசநோயை உடல் கட்டுப்படுத்தும்போது கிருமிகளைச் சுற்றி அரண் கட்டும். பிறகு அந்த இடத்தில் கால்சியம் படிந்து கல்லாகும். கிருமியைச் சிறைவைக்க உடல் கட்டிய அந்தக் கல், கிருமியின் டிஎன்ஏவை மூன்றரை நூற்றாண்டுகள் அழியாமல் காத்திருக்கிறது. அதிலிருந்து எடுத்து 2020இல் வெளியிட்ட மரபணுத்தொகுதியின் ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக நூறு தடவைக்கு மேல் படிக்க முடிந்தது. இன்றைய நோயாளியின் சளியிலிருந்து எடுப்பதற்கு நிகரான தரம் இது. இந்தச் சாட்சியையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பொது மூதாதையின் காலம் இன்றைக்கு 2,190 முதல் 4,501 ஆண்டுகளுக்கு முன் என்று வந்தது. பெரு எலும்புகளும் பேராயரின் நுரையீரலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இரண்டும் ஏறக்குறைய ஒரே விடை தருகின்றன.

இந்த ஆய்வுகளின் மேல் வைக்கப்படும் முதல் ஆட்சேபம் கலப்படம் பற்றியது. மண்ணில் மைக்கோபாக்டீரியங்கள் ஏராளம். புதைந்த எலும்பில் அவை ஊறியிருக்கும்; ஆய்வகத்தின் தூசியிலும் இருக்கும். 1990களிலிருந்து எகிப்திய மம்மிகளிலும் பிற எலும்புகளிலும் காசநோய் டிஎன்ஏ கிடைத்ததாகப் பல அறிவிப்புகள் வந்தன. அவை ஓரிரு சிறு துண்டுகளைப் பெருக்கி எடுத்தவை. அப்படிக் கிடைக்கும் துண்டு மண் கிருமியின் துண்டாகவும் இருக்கலாம். இஸ்ரேல் கடலில் மூழ்கிய அட்லித் யாம் கிராமத்தில் 9,000 ஆண்டுக்கு முந்தைய தாய், சேய் எலும்புகளில் காசநோய் கண்டதாக 2008இல் வந்த அறிவிப்பு இன்றும் தகராறில் இருப்பதற்கு இதுவே காரணம். ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அது பழைய முறையின் மேல்தான் பாயும். இப்போதைய முறையில் கிருமியின் முழு மரபணுத்தொகுதியையும் மீட்க வேண்டும். பல்லைத் துளைத்து, ரத்த ஓட்டம் இருந்த உள்ளறையிலிருந்து சில பத்து மில்லிகிராம் பொடி எடுக்கிறார்கள். அதிலிருக்கும் டிஎன்ஏவில் பெரும்பகுதி மண்ணைச் சேர்ந்தது. காசநோய்க் கிருமியின் வரிசைக்கேற்பச் செய்த தூண்டில் துண்டுகளைப் போட்டு அதற்குரியவற்றை மட்டும் பிடிக்கிறார்கள். பிடிபட்டது பழையதா என்பதற்கும் உள்ளிருந்தே சோதனை உண்டு: பழைய டிஎன்ஏ நூறு எழுத்துக்கும் குறைந்த துணுக்குகளாக உடைந்திருக்கும், துணுக்கின் முனைகளில் சைட்டோசின் எழுத்து சிதைந்து தைமின்போலப் படிக்கப்படும். நேற்றுக் கலந்த டிஎன்ஏவில் இந்தச் சிதைவு இருக்காது. இந்த இரண்டு சோதனைகளையும் கடந்த முடிவை மட்டும் ஏற்றுக்கொண்டு, கடக்காததை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தள்ளிவைக்க வேண்டும் என்பது என் நிலை. அட்லித் யாமை அதனால்தான் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறேன்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட ஆழமானது. திடீர்மாற்றத்தின் வேகம் எப்போதும் ஒரே சீராக இருக்கும் என்று யார் சொன்னது? காசநோய்க் கிருமி பலரிடம் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கிறது. சில நூற்றாண்டுகளுக்குள் அளந்த வேகம், பல்லாயிரம் ஆண்டுகளில் அளந்த வேகத்தைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பது மற்ற நுண்ணுயிர்களிலும் பார்த்த உண்மை. தீங்கான மாற்றங்கள் களையெடுக்கப்பட்டு மறைந்துபோவதே காரணம். அப்படியானால் 6,000 என்பது உண்மை வயதைக் குறைத்துக் காட்டக்கூடும். இதை மறுக்க முடியாது. ஆயினும் 6,000க்கும் 70,000க்கும் உள்ள தூரத்தை இந்த ஒரு காரணத்தால் நிரப்புவது கடினம். தவிர 70,000 என்ற எண்ணுக்குக் கிருமியிடமிருந்து கிடைத்த கடிகாரம் எதுவும் இல்லை. கிருமியின் கிளைகளும் மனிதக் கிளைகளும் ஒரே வடிவில் பிரிகின்றன என்ற பொருத்தத்தை வைத்து, மனிதர் பிரிந்த காலத்தையே கிருமிக்கும் கொடுத்தார்கள். ஆகவே இன்றுள்ள சான்றுகளில் இளைய வயதே வலுவானது என்று கருதுகிறேன். ஆனால் இந்தக் கடிகாரத்தைச் சரிபார்த்த பழைய சாட்சிகள் எல்லாம் கடல்விலங்குக் கிளையையும் ஐரோப்பாவில் பரவிய நான்காம் கிளையையும் சேர்ந்தவை. பேராயர் மட்டுமல்ல, ஹங்கேரியின் வாட்ஸ் நகரத் தேவாலய நிலவறையில் கிடைத்த 18ஆம் நூற்றாண்டு மம்மிகளிலிருந்து 2015இல் மீட்ட 14 மரபணுத்தொகுதிகளும் நான்காம் கிளைதான். கிளைக்குக் கிளை வேகம் மாறக்கூடிய கிருமியில், முதலாம் கிளையின் வயதை மற்றவர் கடிகாரத்தில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று உயிரோடிருக்கும் கிருமிகளைப் படித்தாலே போதாதா, எலும்புகளை ஏன் தோண்ட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பெரு நாட்டுக் கிருமியே இதற்குப் பதில். ஐரோப்பியர் கொண்டுவந்த கிளைகள் அமெரிக்கா முழுதும் பரவியபின் அந்தப் பழைய கிளை மனிதரிடையே மறைந்துபோனது. இன்றைய நோயாளிகளை எத்தனை லட்சம் பேரைச் சோதித்தாலும் அது இருந்ததே தெரியவந்திருக்காது. தொழுநோய் இன்னொரு பாடம் சொல்கிறது, அதில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. 2001இல் ஸ்டூவர்ட் கோல் குழு முதன்முதலாக முழுமையாகப் படித்த தொழுநோய்க் கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது. டிஎன் என்பதே அதன் பெயர். சுமார் 32.7 லட்சம் எழுத்துகள் கொண்ட அந்தத் தொகுதியில் வேலை செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 1,600 மட்டுமே. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை செத்துப்போன மரபணுக்கள். 2013இல் டென்மார்க், ஸ்வீடன், இங்கிலாந்து நாடுகளின் இடைக்கால எலும்புகளிலிருந்து ஐந்து தொழுநோய் மரபணுத்தொகுதிகளை மீட்டு இன்றைய கிருமிகளோடு வைத்துப் பார்த்தார்கள். ஆயிரம் ஆண்டுகளில் மாற்றம் மிகச் சொற்பம். 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பாவில் தொழுநோய் குறைந்ததற்குக் கிருமி வலுவிழந்தது காரணமில்லை என்று அதனால் தெளிவானது. மனிதரின் எதிர்ப்பாற்றலிலும் வாழ்நிலையிலும்தான் காரணத்தைத் தேட வேண்டும். லண்டனில் 1348-49இல் கொள்ளைநோயில் இறந்தவர்களின் பற்களிலிருந்து 2011இல் படித்த பிளேக் கிருமிக்கும் இதே கதைதான். கிருமி மாறியதா, மனிதர் மாறினார்களா என்ற கேள்விக்குப் பழைய டிஎன்ஏ தவிர வேறு எதுவும் நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. திருவள்ளூரில் பிசிஜி தோற்றதற்கும் இதே கேள்விதான் அடிப்படை.

இந்தத் துறையின் பெரிய பலவீனம் பூகோளம். குளிர்ந்த, உலர்ந்த இடங்களில்தான் டிஎன்ஏ நிலைக்கும். நம் மண் சூடானது, மழைக்காலத்தில் நனைந்து கோடையில் வெடிப்பது. ஹரியானாவின் ராக்கிகடியில் 61 மாதிரிகளை முயன்று ஒரே ஒருவரின் மரபணுத்தொகுதியைத்தான் 2019இல் வெளியிட முடிந்தது, அதுவும் அரைகுறையாக. அதைவிடத் தெற்கே, ஆதிச்சநல்லூர் தாழிகளிலும் கொந்தகை ஈமக்காட்டிலும் கிடைக்கும் எலும்புகளில் மனித டிஎன்ஏவே அரிது என்றால் கிருமியின் டிஎன்ஏ இன்னும் அரிது. திருவள்ளூர் மாவட்டம் தொல்லியலில் செழிப்பானது; கொசத்தலை ஆற்றங்கரை அத்திரம்பாக்கத்தின் கல்லாயுதங்களுக்கு 15 லட்சம் ஆண்டு வயது சொல்கிறார்கள். ஆனால் டிஎன்ஏ எடுக்க உதவும் மனித எலும்பு அங்கே இல்லை. ராஜஸ்தானின் பாலாதலில் கி.மு. 2000 அளவில் புதைக்கப்பட்ட ஒருவரின் எலும்பில் தொழுநோயின் அரிப்பு தெரிகிறது. இந்தியாவில் தொழுநோய்க்கு மிகப் பழைய எலும்புச் சான்று அது, கிருமியின் மரபணுத்தொகுதி அதிலிருந்து வரவில்லை. ஆகவே இந்திய நோய்களின் வரலாறு ஐரோப்பிய எலும்புகளை வைத்து எழுதப்படுகிறது. இதை யாருடைய சதி என்றும் சொல்ல வேண்டியதில்லை, வெப்பநிலையின் விளைவு. அதற்காக அந்த வரலாற்றை முழு உலகின் வரலாறு என்று ஏற்கவும் வேண்டியதில்லை.

எலும்பு கைகொடுக்காவிட்டால் வழியே இல்லை என்பதும் சரியல்ல. காலரா சில நாட்களில் கொல்வது, எலும்பில் தடயம் வைக்காது. கங்கைக் கழிமுகத்தில் பிறந்த நோய் அது. ஆனால் அதன் 19ஆம் நூற்றாண்டு மரபணுத்தொகுதி கிடைத்தது பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் கண்ணாடி ஜாடிக்குள் பாதுகாக்கப்பட்டிருந்த, 1849இல் இறந்த ஒருவரின் குடல் துண்டிலிருந்து. 2014இல் அது வெளியானது. நம் மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்கூறியல் அருங்காட்சியகங்களிலும் ஃபார்மலினில் மிதக்கும் நுரையீரல்கள் உண்டு. மாணவர்களுக்குப் பாடம் நடத்த பல தலைமுறைகளாகச் சேர்த்தவை. காசநோய்க் கிருமியின் உறை தடித்த மெழுகுப் பூச்சுக்கொண்டது, டிஎன்ஏவைக் காப்பதில் அது மற்ற பாக்டீரியங்களைவிட மேல். பேராயரின் நுரையீரலில் இருந்ததுபோன்ற கல்லான முடிச்சுகள் நம் ஈமக்காடுகளிலும் மிஞ்சியிருக்கலாம். அகழாய்வில் விலா எலும்புகளுக்கிடையே கிடக்கும் சிறு சுண்ணக் கட்டியை மண்ணோடு சல்லடையில் தள்ளிவிடாமல் எடுத்துவைத்தால் போதும். உறைகலன்களில் இருக்கும் கிருமிகளும் சாட்சிகளே. 1950களில் தொடங்கிய சேகரிப்பில் எஞ்சியவை எவையாயினும், இன்றைய மாதிரிகளோடு ஒப்பிட்டால் எழுபது ஆண்டு இடைவெளியில் முதலாம் கிளை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை நேராக அளக்கலாம். நம் கிளையின் கடிகாரத்தை நாமே அமைக்க அதுவே முதல் படி.

நோயாளிக்கு இதனால் என்ன என்று கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. கிருமிக்கு வயது 5,000 என்று தெரிந்தால் நாளைக்கு ஒருவர் குணமாகிவிட மாட்டார். ஆனால் கிளை வேறுபாடு மருந்துச் சீட்டு வரை வந்துவிட்டது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஆறே மாதத்தில் முடியும் சிகிச்சை முறையை 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஏற்றது. அதிலுள்ள முக்கிய மருந்து ப்ரெட்டோமனிட். முதலாம் கிளைக் கிருமிகளை ஆய்வகத்தில் அடக்க அந்த மருந்து மற்ற கிளைகளுக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயாளிகளிடம் இது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதை முதலாம் கிளை அதிகம் உள்ள இடத்தில்தான் பார்க்க முடியும். அந்த இடம் நம்முடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள் ஒரே அறையில் பலர் தங்கி வேலை செய்கிறார்கள். வட இந்தியாவில் மூன்றாம் கிளை மிகுதி. இரு கிளைகளும் ஒரே தொழிற்பேட்டையில் அருகருகே வாழும்போது எது பரவும், எது பின்வாங்கும் என்பது இப்போதே கவனிக்க வேண்டிய கேள்வி. பழைய காலத்தில் ஒரு கிளை இன்னொன்றை எப்படி அகற்றியது என்று தெரிந்திருந்தால் அதைப் படிப்பது எளிதாகும். தொழிலாளர்மேல் பழிபோட இது ஒரு காரணமாகிவிடக் கூடாது. காற்றோட்டமில்லாத தங்கும் அறைதான் கிருமிக்கு உதவுகிறது, அதில் தங்குபவர் எந்த மாநிலத்தவர் என்பது அல்ல.

செய்ய வேண்டியவை மூன்று, எதற்கும் பெரிய செலவில்லை. மருத்துவக் கல்லூரிகள் பழைய கட்டடங்களை இடிக்கும்போதோ அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கும்போதோ ஃபார்மலின் ஜாடிகளைக் கழிவாக அனுப்பாமல், ஒவ்வொன்றின் ஆண்டும் நோயும் எழுதிய பட்டியல் தயாரிக்க வேண்டும். தொல்லியல் துறை ஈமக்காட்டு அகழாய்வுகளில் மார்புப் பகுதி மண்ணைத் தனியே எடுத்துக் குளிர்பதனத்தில் வைக்க வேண்டும். காசநோய் ஆய்வகங்கள் உறைகலன்களிலுள்ள பழைய கிருமிகளின் மரபணுத்தொகுதிகளைப் படித்து எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும். தூக்கியெறிந்த ஜாடியை எந்தத் தொழில்நுட்பமும் திரும்பக் கொண்டுவராது என்பதால் பட்டியல் வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள் என்று அந்தக் கல்லூரிகளின் முதல்வர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.